வல்லினம் இல்லாத பதினெட்டு நிமிடம்

இரண்டாம் சனிக்கிழமை.
லீவு நாளில் பயிற்சியா என்று முனகிக்கொண்டே
காரைக்குடிக் கிளையின் மாடிக்கு ஏறினோம்.
தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ரெஜினா
அட்டைப்பெட்டியைப் பிரித்து
ஆளுக்கொரு ஹெட்போன் தந்தார்.
காது மங்கியவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று
நாங்கள் கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.
"வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகலாமா மேடம்?"
என்றார் மேலாளர் சோலைமலை.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நான் எதிர்பார்த்தது நிசப்தம்.
கண்ணை மூடிக்கொண்டால்
சுகமாகக்கூட இருக்கும் என்று.

வந்தது அதல்ல.
மின்விசிறியின் உறுமல் அப்படியே இருந்தது.
கீழே செக்காலை ரோட்டில் பஸ் திரும்புவது கேட்டது.
ரெஜினாவின் குரலும் கேட்டது.
சொல்தான் கேட்கவில்லை.

க ச ட த ப ற
ஆறையும் யாரோ பொறுக்கி எடுத்திருந்தார்கள்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்.
எடுத்த பிறகுதான் தெரிந்தது,
அந்தக் கல்லில்தான் சோறு இருந்தது.

பத்து, பட்டு, கட்டு, தட்டு
எல்லாம் ஒரே அ... உ...
எழுதச் சொன்ன பத்துச் சொல்லில்
எனக்குச் சரியானவை மூன்று:
நாலு. ஏழு. மழை.

"சத்தமா சொல்லுங்க!" என்று கத்தினேன்.
அவரும் கத்தினார்.
உயிரெழுத்துகள் வீங்கின.
மெய் வரவில்லை.
கத்துகிற முகம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.
அந்த முகம் எனக்குப் பழக்கம்.
மூன்றாம் கவுண்டரின் கண்ணாடியில்
மங்கலாக, தினமும் பார்ப்பது.

மெய்யம்மை.
கல்லுக்கட்டியில் ஜெராக்ஸ் கடை.
திங்களும் வியாழனும் பணம் கட்ட வருவார்.
டோக்கன் எட்டு, டோக்கன் எட்டு என்று
தொண்டை கிழியக் கூப்பிட்டாலும்
சுவரில் வட்டி விகிதம் படித்துக்கொண்டிருப்பார்.
பெயரைச் சொன்னால் டக்கென்று திரும்புவார்.
"பாத்தியா, பேரு மட்டும் கேக்குது.
வேணும்னாத்தான் காது" என்று
நாச்சம்மையிடம் சொல்லியிருக்கிறேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து,
அவர் எதிரிலேயே, சாவகாசமாக.

ஹெட்போனைக் கழற்றாமல்
அந்தப் பெயரைத் தாளில் எழுதி நீட்டினேன்.
வாயை மறைத்துக்கொண்டு ரெஜினா வாசித்தார்.
ஒரு கீறல் இல்லாமல் வந்தது.
மெய்யம்மை.
அதில் வல்லினம் இல்லை.
ஓர் எழுத்துக்கூட.

பதினெட்டு நிமிடம் முடிந்தது.
தட்டு, டம்ளர், செருப்பு, சோலைமலையின் தும்மல்
உலகத்தின் வல்லினம் அத்தனையும்
ஒரே நேரத்தில் வந்து மோதியது.
இப்படித் திரும்பி வருமா அவங்களுக்கு என்று கேட்டேன்.
டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த ரெஜினா
இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

திங்கள் வரை பொறுக்கவில்லை.
அன்று சாயங்காலமே போனேன்,
தேவையே இல்லாமல் ஆதாரை நகலெடுக்க.
கடைக் கண்ணாடியில் ஒரு தாள்,
மஞ்சளாகி, செலோடேப் உரிந்து:
எத்தனை காப்பி? விரலில் காட்டவும்.
ஆறு வருஷமாகப் பார்க்கிற தாள்.
மெஷின் சத்தத்துக்காக என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு விரல் காட்டினேன்.
மூடிக்கு அடியிலிருந்து பச்சை வெளிச்சம்
இருவர் முகத்திலும் ஒருமுறை ஓடி அணைந்தது.
சொல்ல வந்த சொல்லை
உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
மன்னிப்பு.
அதில் ஒரு 'ப்பு' இருந்தது.

நான் தயங்கி நிற்பதைப் பார்த்து
அவரே பேசினார்:
"திங்கக்கிழம வர்றேன் மேடம்.
நம்பரக் கையில காட்டிருங்க.
கத்தாதீங்க.
கத்துனா மூஞ்சி கோணிக்குது,
ஒதட்டப் படிக்க முடியல.
மெதுவாப் பேசுனீங்கன்னா
எல்லாமே புரியும்."

சில்லறையை வாங்கிக்கொண்டு
ரோட்டைக் கடந்து,
பாதி வழியில் நின்றேன்.

நாச்சம்மையிடம்
நான் ஒருநாளும் கத்தியதில்லை.